இருபத்தொரு நெறி

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அதை நேற்றே போனில் கேட்டு முடித்துவிட்டோம். "நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்க?" என்று கேட்டாய். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றேன். இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனைக் காதில் வைத்தால் எனக்குப் பொய் தயாராக வாயில் வந்து நிற்கிறது. நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சிக்னல் கிடைப்பது பீலிக்கரையில் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் பிடிக்க அங்கே எந்நேரமும் நான்கு குடம் வரிசையில் இருக்கும், குடத்துக்கு ஒரு காது இருக்கும். அத்தனை காதுக்கும் நடுவில் நின்று, இடுப்புக்குக் கீழே நடந்த சங்கதியைக் கட்டாருக்குக் கேட்கும்படி கத்த எந்தப் பொம்பிளையால் முடியும்? அதனால்தான் கொப்பியில் எழுதுகிறேன். இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தது சுகன்யா, ஆவணியில் நீ மாலையிடப் போகிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை லுணுகலையிலிருந்து வந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை இது. எவனெவன் மகனுக்கெல்லாமோ எழுதினேன், என் மகனுக்கு ஒரு உண்மை எழுத ஐம்பத்தாறு வயது ஆகியிருக்கிறது.

தை மாதம் பதுளை பெரியாஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். மூத்திரப்பையில் புற்றுநோய், பையையே எடுத்துவிட்டார்கள், குடலில் ஒரு துண்டை வைத்து வயிற்றில் வழி செய்து அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டியிருக்கிறார்கள் என்று அப்போதே சொன்னேன். அவ்வளவும் உண்மை. மாசி மாதம் நீ, "நெறி எடுத்துப் பாக்கிறதா சொன்னியேம்மா, அது என்னாச்சு?" என்று கேட்டாய். "எல்லாம் சுத்தம் தம்பி" என்றேன். அதுதான் பொய். பையைச் சுற்றி இருந்த இருபத்தொரு நெறியை எடுத்துச் சோதித்தார்கள். மூன்றில் நோய் இருந்தது. இதைப் படித்ததும் போனைத் தூக்காதே. கடைசி வரைக்கும் படி. இதைவிடப் பெரிய பொய் ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றி நடந்து வர வேண்டும்.

முதன்முதலாக ரத்தத்தைப் பார்த்தது, நீ கட்டாருக்குப் போன வருடம், மாரியம்மன் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. மாதாமாதம் வருவது எனக்கு ஐம்பதுக்கு முன்பே நின்றுவிட்டது. நின்றது திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். உன் பயணம் நல்லபடியாக அமைந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன் அல்லவா, தீட்டோடு கோயில் படி ஏறலாமா? ஏறவில்லை. ஊர் முழுக்க மஞ்சள் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தபோது நான் காம்பராவுக்குள் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன், உன்னிடமும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருடம், சிவப்பைக் கண்டால் மூன்று நாள் சாமி படத்துக்கு விளக்கேற்ற மாட்டேன். நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஏற்றுவேன். இரண்டு மாதம் வராது, போய்விட்டது என்று இருப்பேன், திரும்ப வரும். எங்கேயிருந்து வருகிறது என்று கூடவா பார்க்கவில்லை என்று பிறகு டாக்டர் கேட்டார். நம் லயத்துக் கக்கூஸில் பகலிலேயே கை தெரியாது, குனிந்து பார்க்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. புற்றுநோய்க்குத் தீட்டுக் காத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த ஆத்தாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், "அடி கிறுக்கி, இது அது இல்லடி" என்று ஒரு கனவிலாவது வந்து சொல்லியிருக்கலாம்.

தம்பி, நம் வீடுகளில் இடுப்புக்குக் கீழே இருக்கிற எதற்கும் பெயர் கிடையாது. 'அது', 'கீழ', 'அங்கன', அவ்வளவுதான். பெயர் இல்லாத இடத்தில் வருகிற நோயை எப்படிச் சொல்வது? மலையில் கொழுந்தெடுக்கப் போனால் ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் அட்டை ஏறும், கங்காணி எங்கே போனாய் என்பான். ஆகையால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்ததிலிருந்து சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் அடக்கிக்கொள்வோம். எரிச்சல் எங்களுக்குச் சொந்தக்காரி மாதிரி, வருவாள் போவாள், பொல்பலாச் செடியை அவித்துக் குடித்தால் அடங்குவாள். அடக்கினதால்தான் இந்த நோய் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் எரிச்சலோடு குடும்பம் நடத்தியவளுக்கு நோய் வந்து வாசலில் நின்றாலும் அடையாளம் தெரியாது என்பது நான் பட்டு அறிந்தது. சுகன்யா மலைக்குப் போகிறவள் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். இருந்தாலும் அவளிடம் கேள். பெயர் சொல்லிக் கேள். "ஒடம்புக்கு என்ன" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்னுமில்ல" என்றுதான் எந்தப் பொம்பிளையும் சொல்வாள். உன் அப்பாவும் கடைசி வரை பொதுவாகத்தான் கேட்டார், நானும் பொதுவாகத்தான் பதில் சொன்னேன்.

ஒருநாள் மூத்திரமே வரவில்லை. உள்ளே ரத்தம் கட்டியாகி வழியை அடைத்துவிட்டது. பிள்ளைத்தாச்சி வலியைவிட அது பெரிய வலி. அடுத்த காம்பரா பார்வதி அக்காதான் த்ரீவீல் பிடித்து, மடுல்சீமை ரோட்டில் உள்ள குழியெல்லாம் என் வயிற்றில் இறங்க, பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். குழாய் விட்டுப் பார்த்து, கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதித்து, நோய் பையின் சதைக்குள்ளேயே இறங்கிவிட்டது, பையை எடுத்தால்தான் ஆகும் என்றார்கள். டாக்டர் சிங்களவர், நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துப் பேசினார். தமிழில் சொல்லிக் கொடுத்தது ஒரு யாழ்ப்பாணத்து நர்சுப் பிள்ளை. "பையோட சேத்து நிணநீர்க் கணுக்களையும் எடுக்கோணுமாம் அம்மா" என்றாள். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. "கணுவா? மூங்கில்லதானே கணு இருக்கும்?" என்றேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுத் தன் தொடை இடுக்கைத் தொட்டுக் காட்டி, "காலில புண் வந்தா இதில வீங்குமெல்லோ, அதுதான். வயித்துக்கு உள்ளுக்கையும் இருக்கு" என்றாள். "அட, நெறியா!" என்றேன். "ஓம், நெறிதான்" என்றாள்.

உனக்கு ஒன்பது வயதில் நெறி கட்டினது ஞாபகம் இருக்கிறதா? அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, கால் தூக்க முடியாமல் படுத்துக் கிடந்தாய். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாய். "அழுவாத. நெறின்னா காவக்காரன். கால்ல வந்த வெசத்த மேல ஏற விடாம புடிச்சு வச்சிருக்கான்" என்றேன். "புடிக்க முடியலேன்னா?" என்று கேட்டாய். "அம்மா இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னது அது. பதுளையில் டாக்டர் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். நோய் பையை விட்டு வெளியே கிளம்பினால் முதலில் பிடிபடுவது அந்த நெறிகளில்தானாம். எடுத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியுமாம், எடுப்பதால் உயிருக்கும் நல்லதாம். உடனே நான், "அப்படின்னா ஒன்னு விடாம எல்லாத்தையும் எடுத்துருங்க ஐயா, கழுத்து வரைக்கும் இருந்தாலும் சரி" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நர்சுப் பிள்ளை அதைச் சிங்களத்தில் சொல்ல, டாக்டர் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் பொறுமையாகப் பேசினார். அவள் எனக்குச் சொன்னாள்: "கனக்க எடுத்தாக் கனகாலம் இருப்பீங்க எண்டில்லையாம் அம்மா. முந்தி அப்பிடியும் நினைச்சவையாம். இப்ப அப்பிடிச் சொல்லேலாதாம். தேவையான இடத்தில வடிவா எடுக்கிறதுதான் சரியாம். அதுக்கு மேல போனாக் கரைச்சல்தான் கூடும் எண்டு சொல்றார்."

அதைக் கேட்டதும் உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். கவ்வாத்து வெட்டுகிறபோது, புதிதாக வந்தவர்கள் ஆவேசமாகச் செடியை மொட்டையாக்கினால் அவருக்குக் கோபம் வரும். நோய்க் கொப்பை வெட்ட வேண்டும், ஒரு கொப்பை மூச்சுக்கு விட வேண்டும் என்பார். எனக்கு அந்த அளவு தெரிந்ததே இல்லை. பயம் வந்தால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் நல்லது என்று நினைக்கிற புத்தி என்னுடையது. உன் விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன், அதைத்தான் சொல்ல வந்துகொண்டிருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு வருகிறேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். "லீவ வீணாக்காத, கல்யாணத்துக்கு வையி. ஒரு பைய எடுக்கிறதுக்கு ஊர்வலமா?" என்று நான்தான் தடுத்தேன். பையோடு கர்ப்பப்பையையும் எடுத்தார்கள், நீ வாடகை கொடுக்காமல் பத்து மாதம் குடியிருந்த காம்பராவை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள். மயக்கம் தெளிகிறபோது நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தரம் இல்லை, விடாமல். எனக்கு நினைவில்லை. நர்சுப் பிள்ளைதான் சொன்னாள். "அது ஆரம்மா, மகனோ? வெளியில நிக்கிறாரோ, கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டாள். "இல்லம்மா, அவன் வெளிநாட்டுல" என்றேன். அந்தப் பிள்ளை என் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் போனாள். அந்தக் கட்டிலில் கிடந்துதான், தம்பி, பத்து வருடமாக நான் திரும்பிப் பார்க்காமல் வைத்திருந்த ஒன்றைப் பார்த்தேன்.

உன் அப்பா மலையில் விழுந்தது உன் ஏ.எல். பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது. நெஞ்சில் அடைப்பு. அதே பதுளை ஆஸ்பத்திரிதான். நீ போர்டிங்கில் இருந்தாய், அங்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தால் இருபது நிமிடம். உனக்கு இன்னும் இரண்டு பேப்பர் இருந்தது. லயத்தில் முதல் முதலாக ஏ.எல். எழுதுகிற பிள்ளை நீ. சொன்னால் எழுத மாட்டாய் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை. பார்வதி அக்கா, "தாயி, பெத்த புள்ளைகிட்ட சொல்லாம இருக்கலாமா?" என்று கேட்டாள். நான் அவள் வாயை அடைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார். அன்றைக்கு உனக்குக் கடைசிப் பேப்பர். அப்போதும் சொல்லவில்லை. பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன், நீ எழுதி முடிக்கும் வரைக்கும் மூன்று மணி நேரம் நின்றேன். நீ சிரித்துக்கொண்டு வெளியே வந்தாய். "நல்லா எழுதியிருக்கேம்மா. நீ ஏம்மா வந்த?" என்று கேட்டாய். அப்பா போன சேதியைச் சொல்லி அந்தச் சிரிப்பை நானே அணைத்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பேசின அன்று கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்னயக் கேட்டாராம்மா?" என்பது. "நெனவே இல்ல தம்பி, கண்ணே தொறக்கல" என்றேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று உன் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். சத்தியத்தைச் செய்த வாயில்தான் அந்தப் பொய் ஈரம் காயாமல் இருந்தது.

அவருக்கு நினைவு இருந்தது. கண்ணைத் திறந்தார். "தம்பியக் கூட்டியா" என்றார். "பரீட்சை நடக்குதுங்க, முடிஞ்சதும் கூட்டியாறேன்" என்றேன். மறுநாள் சாயந்தரம் திரும்பவும், "இங்கனதானே இருக்கான், கூட்டியாயேன்" என்றார். நான் தலையணையைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை. என்னை நம்பியிருப்பார், அல்லது வெறுத்திருப்பார், எனக்குத் தெரியாது. நீ மூன்று பாடமும் பாஸ் பண்ணினாய். அந்தச் சேட்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை. உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது நிமிட தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, சாகிற மனிதனுக்குப் பிள்ளையைக் காட்டாதவள் நான். மயக்கத்தில் உன் பெயரைச் சொல்லி, நீ வரமாட்டாய் என்று தெரிந்தபோதுதான், அவர் அந்தக் கட்டிலில் எப்படிக் கிடந்திருப்பார் என்று எனக்கு உறைத்தது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. உன்னைக் கேட்டார் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அது உன் சொத்து, நான் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்.

மாசி மாதம் ரிப்போர்ட் வந்த அன்று தனியாகத்தான் போனேன். அதே டாக்டர், அதே நர்சுப் பிள்ளை. "மூண்டில இருந்திருக்கு அம்மா. எடுத்தபடியாத்தான் தெரிஞ்சது. மருந்து ஏத்தோணும்" என்றாள். "எத்தன வருஷம் இருப்பேன்னு கேளும்மா" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பதில் சொன்னார். நாள் குறித்துச் சொல்ல அவரால் முடியாதாம். நெறியில் ஒன்றும் இல்லாதவர்களைவிட எனக்கு ஆபத்து கூடத்தானாம், அதை மறைக்க மாட்டாராம். ஆனால் நெறியில் இருந்தும் மருந்து ஏற்றி நல்லபடியாக இருப்பவர்களை அவரே பார்த்திருக்கிறாராம். அதில் நான் எந்தப் பக்கம் என்பது போகப் போகத்தான் தெரியுமாம். நேர்மையான மனிதர் சொன்ன நேரான பேச்சு. அதைக் கேட்டுவிட்டு பஸ் ஏறி, லயத்துக்கு வந்து, பீலிக்கரைக்குப் போய், "எல்லாம் சுத்தம் தம்பி" என்றேன். நெறியை எடுத்துவிட்டால் நெறி கெட்டவளாகத்தான் ஆவேன் போல. சிரிக்காதே, இதைச் சொல்லிப் பார்வதி அக்காவோடு அரை மணி நேரம் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

இரண்டு தரம் மருந்து ஏற்றியாகிவிட்டது, இன்னும் இரண்டு இருக்கிறது. முடி கொட்டிவிட்டது. போனில் முகம் தெரிகிற மாதிரி பேச நீ கேட்கும்போதெல்லாம் "சிக்னல் இல்ல" என்பது இதற்காகத்தான். பகலில் எல்லோரும் மலைக்குப் போன பிறகு லயம் வெறிச்சோடிக் கிடக்கும். பன்னிரண்டு காம்பராவில் ஐந்துக்குப் பூட்டு, கொழும்புக்குப் போனவர்கள் பொங்கலுக்குத்தான் வருவார்கள். வயிற்றில் ஒட்டின பையை நானே கழற்றி, நானே கழுவி, நானே ஒட்டக் கற்றுக்கொண்டேன். சில நாள் ஒட்டு விட்டுச் சேலை நனைந்துவிடும். வாடை வருமோ என்ற பயத்தில் ஒரு வீட்டிலும் உட்காருவதில்லை. அன்றைக்கு ரத்தத்தைத் தீட்டு என்று நினைத்துக் கோயிலுக்குப் போகவில்லை. இன்றைக்கு ரத்தம் இல்லை, ஆனால் மூத்திரப் பையைச் சுமந்துகொண்டு எப்படி ஏறுவது என்று போகவில்லை. அந்தப் பையில் இருப்பது எல்லோருடைய வயிற்றிலும் இருப்பதுதான், எனக்கு வெளியே தெரிகிறது, அவ்வளவுதானே என்று புத்தி சொல்கிறது. கால் கேட்கவில்லை. தனியாக இருக்கப் பயம் இல்லை தம்பி. ஒரு நாள் முழுக்க யாரும் என்னைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடாமல் பொழுது சாய்ந்துவிடுகிறதே, அதுதான் தாங்கவில்லை. உன் பழைய சட்டை ஒன்றைத் துவைத்துக் கொடியில் போடுகிறேன், வாரத்துக்கு ஒரு தரம். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று.

சுகன்யா போன கிழமை தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். நான் தேத்தண்ணீர் வைக்க எழுந்த நேரத்தில் கிளினிக் கொப்பியை எடுத்துப் படித்துவிட்டாள். இங்கிலீசில் எழுதியிருப்பது யாருக்கு விளங்கப் போகிறது என்று மேசையிலேயே போட்டு வைத்திருந்தேன், டீச்சர் மருமகள் வரப்போகிறாள் என்பது மறந்துபோய்விட்டது. "அத்தை, அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். "கல்யாணம் முடியட்டும் கண்ணு, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை. "நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன் அத்தை. எல்லாம் தெரிஞ்சுகிட்டு அவரு கையப் புடிச்சா, காலத்துக்கும் என்னையக் கேப்பாருல்ல, உனக்கும் தெரியுமான்னு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பரீட்சை முடியட்டும் என்றவள், இப்போது கல்யாணம் முடியட்டும் என்கிறேன். என் வாய்க்கு அந்த 'முடியட்டும்' பழகிவிட்டது. நல்ல பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறாய். உனக்கு வலிக்காமல் இருக்க என்று அவள் ஒருநாளும் பொய் சொல்ல மாட்டாள், சில நாள் அது உனக்குக் கசக்கும். அப்போது என்னை நினைத்துக்கொள், இனித்த பொய் எவ்வளவு காலம் கசக்கும் என்று உனக்குத் தெரியும்.

கல்யாணத்தைத் தள்ளிப் போடு என்று நான் சொல்லவில்லை, முன்னால் கொண்டுவா என்றும் சொல்லவில்லை. அதை நீயும் அவளும் பேசிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு லீவுதான் என்பது தெரியும், அதை ஆவணிக்கு என்று முடிந்து வைத்திருப்பதும் தெரியும். இப்போது வந்தால் அப்போது வர முடியாமல் போகலாம், முதலாளி முகம் சுளிக்கலாம். இத்தனையும் எனக்குத் தெரிகிறது. இதற்கு முன்னால் என்றால் இத்தனையும் அடுக்கி, கடைசியில் 'அதனால் நீ வராதே' என்று முடித்திருப்பேன். அந்த வரி பேனா முனை வரைக்கும் வந்துவிட்டது. எழுதவில்லை.

அடுத்த மருந்து ஆனி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மருந்து சொட்டுச் சொட்டாக ஏற நாள் முழுக்க ஆகும். பக்கத்துக் கட்டில்களில் இருப்பவர்களுக்கு யாராவது வருவார்கள், காலை அமுக்கிவிடுவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் கட்டிலோரம் உட்கார்ந்து தூங்கியாவது வழிவார்கள். என் கட்டிலோரத்து நாற்காலியைப் போன தடவை ஒருவர் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். யாரும் இல்லையே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

உன் அப்பாவுக்கு உன்னைக் கூட்டிவரச் சொல்ல நான் ஒருத்தி இருந்தேன், நான் கூட்டிவரவில்லை. எனக்குச் சொல்லிவிட ஆள் இல்லை, அதனால் நானே கூப்பிடுகிறேன். வா தம்பி. உனக்கு இப்போது எந்தப் பரீட்சையும் இல்லை.

உன் அம்மா